இருபத்தெட்டு

என் வேலை கட்டைவிரலால் அழுத்துவது.
என் நகம் வெளுக்கும் வரை;
அதற்கு மேலும் கூடாது, குறையவும் கூடாது.
தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு,
விரல்களில் இருபது, முழங்கால் இரண்டு.
வலிக்கிறதா என்று கேட்கலாம்.
எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது.

ஊசியில் இருப்பது மருந்தா உப்புநீரா,
எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.
தெரிந்த பட்டியல் வேறு நாட்டில்
ஏதோ ஒரு கணினிக்குள் பூட்டிக் கிடக்கிறது.
போன முறை நான் எழுதிய எண்ணைக்கூட
எனக்குக் காட்டமாட்டார்கள்.
பார்த்தால் இந்த முறை விரல் பொய் சொல்லுமாம்.

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
படகு விட ஊரில் ஆறு இல்லை.
இருந்த ஆறுகளை ஆலைக்காரர்கள் காலத்தில்
செங்கல் குழாய்க்குள் இறக்கி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
மழைநாளில் சில மூலைகளில் குனிந்தால் கேட்கும்.
தோலுக்கடியில் நான் தேடுவதும் அப்படி ஒன்றைத்தான்,
சத்தத்துக்குப் பதில் சூடு.

நாற்பத்தொன்று, அவருக்கு இங்கே அதுதான் பெயர்,
முதல் நாள் கொண்டுவந்தது பத்தொன்பது.
வலது நடுவிரல் கணு
தோல் வெடிக்கக் காத்திருக்கும் ப்ளம் பழம்.

புதிதாக வருபவர்களுக்கு கோர்னெல் விளக்குவார்:
உடம்பின் காவலாளி சொந்த வீட்டுக் கதவை உடைக்கிறான்,
இந்த மருந்து அவன் கையைப் பிடிக்கும், அவ்வளவுதான்.
எனக்கு அப்படித் தோன்றியதில்லை.
பயிரை மேயும் வேலிக்குத்
தான் மேய்வது தெரியாது.
காவல் காப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்,
கடைசிக் கதிர் வரை.

பன்னிரண்டாம் வாரம் பதினொன்று.
எண்ணை மறைக்கலாம்,
கட்டைவிரலிடம் எதை மறைப்பது?
இருபதாம் வாரம் நான்கு.
அன்று கோட்டுப் பொத்தான்களை அவரே போட்டுக்கொண்டார்,
அவசரமில்லாமல், ஆறையும்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
மகிழ்வதும் ஒருவகைச் சாய்வுதான்.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை,
தெருவெல்லாம் அழுக்குப் பனிக்கூழ்.
டிராமில் ஏறினால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
வேகக் கைப்பிடியின் மேல் ஒரு கை.
முகம் வருவதற்கு முன்பே
நடுவிரல் கணு தெரிந்துவிட்டது எனக்கு.
அடுத்த நிறுத்தத்தில் ஆள் மாற்ற வந்தவன்
கதவைத் தட்டினான்: பொகுமிலா, நேரமாச்சு!
வேண்டாத ஒன்றைக் களவாடியது போல
அந்தப் பெயரோடு இறங்கினேன்.
கண்ணாடியில் அவரும் பார்த்திருப்பார்.
இருவரும் தலையசைக்கவில்லை.

மார்ச்சில் கடிதம் வந்தது.
எங்கோ நான்கு பேருக்கு ஈரல் கெட்டிருக்கிறது.
ஊசி உடனே நிறுத்தம்.
கோர்னெல் மீந்த குப்பிகளை இரண்டு முறை எண்ணி
கையெழுத்திட்டுக் குளிர்பெட்டியில் அடுக்கினார்.
அந்த நால்வருக்கும் ஓர் எண் இருக்கும்.
அவர்கள் கணுவைத் தொட்ட ஒருத்தியும்
எங்கோ இருப்பாள்.

ஏப்ரல் கடைசியில் முடிவுப் பரிசோதனை.
நாற்பத்தொன்று வந்தார், உட்கார்ந்தார், கைகளை நீட்டினார்.
தொடுவதற்கு முன்பே சூடு.
வலிக்கிறதா?
இல்லை.
அடுத்தது. வலிக்கிறதா?
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"நகம் வெளுக்கலையே," என்றார்.
"சரியா அழுத்துங்க. எழுதறது சரியா இருக்கணும்."

முதலிலிருந்து தொடங்கினேன்.
நகம் வெளுத்தது. உதடும் வெளுத்தது, அவருடையது.
பத்தொன்பது.

வெளியே இன்னும் குளிர்; கோட்டு வேண்டியிருந்தது.
முதல் பொத்தானோடு அவர் போராடுவதை
ஒரு நிமிடம் பார்த்திருந்தேன்.
பிறகு விதியை விட்டு எழுந்துபோய்
கீழிருந்து ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
கழுத்துப் பொத்தானுக்கு வந்தபோது
மெல்லச் சொன்னார்:
"அப்போ, அது உப்புநீர் இல்லை."