பயிற்சியாளர் விவரம்

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று
என்னிடம் கொடுத்தார்கள்.
மண்டபத்தில், ஐஸ் கம்பெனி மாடியில்
யோகா நிலையம்.
கீழே கணக்கு எழுதுகிறவன் நான்:
எத்தனை பார், எந்தப் படகு, எவ்வளவு பாக்கி.
மேலே போவது தோள்பட்டைக்காக.
வலது கை காதைத் தாண்டி ஏறாமல்
ஏழு மாதம்.

வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டுமாம்.
பெயர், தகுதி, அனுபவம், கற்பிக்கும் முறை.
நாலு கட்டம்,
சிரிக்கிற போட்டோ ஒன்று.

ஹமீதா பர்வீன், கீழக்கரை.
பிசியோதெரபி பட்டம்,
ஷார்ஜா ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷம்.
கட்டங்கள் மளமளவென்று நிரம்பின.
ஆசனத்தின் பெயர் சொல்ல மாட்டார்.
எல் மூணு, எல் நாலு, எல் அஞ்சு என்று
தெருவில் வீட்டு எண் தேடுவதுபோல்
முதுகில் விரல் இறங்கும்.
வலிக்கிறது என்றால்
பத்துக்கு எத்தனை என்பார்.
பாக்கித் தொகையை ஊரெல்லாம் கேட்கிற என்னை
அதுவரை யாரும்
அப்படிக் கேட்டதில்லை.
ஆறரை என்றேன்.
அரையையும் குறித்துக்கொண்டார்.

லூர்து ஜெசிந்தா, சின்னப்பாலம்.
எட்டாம் வகுப்பு என்று எழுதிப் பேனா நின்றது.
பன்னிரண்டு வயதிலிருந்து பாசிக்குக் குதித்தவர்.
பத்து விரலிலும் துணி சுற்றி,
காலோடு ரப்பர் செருப்பைக் கயிற்றால் கட்டி,
பாரில் மரிக்கொழுந்து பிடுங்கியவர்.
என் பேரேட்டில் பார் என்றால் பனிக்கட்டி,
அவருக்குக் கடலடிப் பாறை.
இரண்டுமே
கையைக் கிழிக்கும் என்றார்.

மூச்சுப் பயிற்சி அவர் வகுப்பு.
எண்ண மாட்டார்.
எண்ணினால் மூச்சுக்கு அவசரம் வந்துவிடும்
என்பது அவர் கட்சி.
"வயித்துல வைங்க. நெஞ்சுல வச்சா
மெதந்துருவீங்க."
மதுரைக்கு வாராவாரம் பஸ் ஏறி
வாங்கிய டிப்ளமோ ஒன்று இருக்கிறது.
இடம் மிஞ்சினால் போடச் சொன்னார்.

நம்புக்குமார், தங்கச்சிமடம்.

தகுதி.

எல்லை தாண்டினதாகப் பிடித்துப்போய்
அக்கரைச் சிறையில் பதினான்கு மாதம்.
பதினேழு பேர் படுத்த அறையில்
பக்கத்து இடத்துக்காரர்,
செக் வழக்கில் உள்ளே வந்த பஸ் கண்டக்டர்,
நேரம் போகாமல் சொல்லிக்கொடுத்தது.
அந்த அகலத்தில் செய்ய முடிந்ததைத்தான்
இன்றும் நடத்துகிறார்.
ஹால் முழுக்கக் காலியாய்க் கிடக்க
ஒரு மூலையில் பாயோடு பாய் ஒட்டிப் போடுவோம்.
கையை விரிக்கிற ஆசனம் எதுவும் கிடையாது.
பக்கவாட்டில் போக வழியில்லாமல்
என் வலது கை
வேறு வேலை இல்லாததுபோல்
மேலே ஏறத் தொடங்கியது அங்கேதான்.
சவாசனத்தில் கண்ணை மூடச் சொல்ல மாட்டார்.

ஆனி மாதம், கச்சான் காற்று.
கரண்ட் போய்க் கீழே கம்ப்ரசர் நின்றது.
அத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதே
நின்றபோதுதான் தெரிந்தது.
கதவு படாரென்று சாத்திக்கொண்டது.
நம்பு பாதி ஆசனத்தில் எழுந்து போய்த்
திறந்து,
தன் செருப்பை இடையில் சொருகிவிட்டு வந்தார்.
"அடுத்தது இடது கால்" என்றார்.
குரல் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டிய குரல்.
மறுநாள்
யாரோ இரும்பு எடைக்கல் ஒன்றை
கதவோரம் வைத்திருந்தார்கள்.
பாசி ஏஜெண்டுகள் வைத்திருக்கும் ரகம்.
ஹமீதா அதைத் தாண்டிப் போகும்போது
யாரும் தடுக்காதபடி
காலால் சுவரோரம் சரிசெய்தார்.

அவர் கட்டத்தில் என்ன எழுத என்று
நேரிலேயே கேட்டேன்.
வெகுநேரம் தாளைப் பார்த்தார்.
சிறை என்று போட்டால் பெண்கள் வரமாட்டார்கள்,
போடாவிட்டால்
அந்தக் கண்டக்டருக்குத் துரோகம் என்றார்.
பிறகு சொன்னார்:
"வகுப்பு நேரத்தில் கதவு பூட்டப்படாது.
இதை மட்டும் எழுதுங்க."

இது தகுதியா, முறையா,
எந்தக் கட்டத்தில் போட என்று
ஃப்ளெக்ஸ் கடைப் பையன் கேட்டான்.
நாலு கட்டத்துக்கும் சேர்த்து
நீளமாகப் போடச் சொன்னேன்.
நீள எழுத்துக்கு முப்பது ரூபாய் கூட.
உப்பு வாங்கிய கணக்கில் எழுதியிருக்கிறேன்,
வலது கையால்.