தொட்டி ஒன்று, தண்ணீருடன்

சில்வெஸ்டர் என்றுதான் பெயர்.
முட்டையிட்ட பிறகும் நாங்கள் மாற்றவில்லை.
பத்தொன்பது வருஷம் ஆணாக இருந்தவளை
ஒரே காலையில் எப்படி வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது?
தொட்டிக்கரை மணலில் ஐந்து,
வெள்ளையாய், சற்றே நீளமாய்.
பொரியாதென்று தெரிந்தும்
ஏசுவடியான் ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்தார்
ஆவணி முடியும்வரை.

குளச்சல் ஐஸ் பாக்டரியில்
நான் கணக்கெழுதச் சேர்ந்தபோதே அது பெரியது.
ஏ.வி.எம். கால்வாயில் எவனோ ஒரு பயலின் தூண்டிலில்
டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாட்டியதாம்.
அன்றைய புனிதரின் பெயரை முதலாளி வைத்தார்.
கீழ்த்தாடையில் இன்னும் இருக்கிறது
அந்த முள்ளின் தழும்பு.

வீடு என்றால் நல்லதண்ணித் தொட்டி.
பன்னிரண்டடிக்கு எட்டடி.
வெயில் காய ஒரு உடைந்த ஸ்லாப்.
மேலே கூரை பிய்ந்த இடத்தில்
நான்கு ஓட்டளவு வானம்.

ஐஸ் வாங்க வருகிறவர்களில் யாராவது
பாவம், கடலில் விடுங்களேன் என்பார்கள்.
கடல் இருநூறு அடி தள்ளித்தான்.
விட்டால் செத்துப்போகும் என்று
எத்தனை பேருக்குத்தான் சொல்வது,
இது உப்பு அறியாத ஆமை என்று.
சாளைத்தலை தின்னும்.
நெத்திலி தின்னாது.
பப்பாளி என்றால் கையோடு கடிக்கும்.

கம்ப்ரசர் ஓடினால் தலையை இழுத்துக்கொண்டு தூங்கும்.
நின்றால் கழுத்தை நீட்டிப் பார்க்கும்.
கரண்ட் போனதை
ஆபரேட்டருக்கு முன்னால் அறிவது அதுதான்.

ஒக்கி வந்த நாட்களில்
கழுத்து உள்ளே போகவேயில்லை.
ஊரிலும் யாரும் தூங்கவில்லை.
எங்களிடம் பற்று வைத்திருந்த பதினோரு வள்ளங்களில்
இரண்டு திரும்பவில்லை.
அந்த இரண்டு பக்கங்களிலும்
குறுக்கே கோடு போட்டு மூடினேன்.
முதலாளி பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
அப்புறம் மற்ற பக்கங்களிலும்
கோடு போடச் சொன்னார்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்
உருப்படாது என்பார்கள்.
எங்களுக்கு முப்பத்தெட்டு வருஷ இடைவெளியில்
இரண்டும் வந்தன.

இரணியல் கோர்ட்டிலிருந்து வந்தவர்
பரமார்த்தலிங்கம்.
சட்டைப்பையில் இரண்டு பேனா,
செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஜப்தி செய்தார்.
கம்ப்ரசர் இரண்டு.
ஐஸ் கேன் இருநூற்று நாற்பது, துருவேறியது முப்பது.
மேஜை. நான் எழுந்ததும் நாற்காலி.
தொட்டியருகே வந்து நின்றார்.
அது கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது.

“இது ஆமையாக்கும்?”
யாரும் பதில் சொல்லவில்லை.
“நம்ம ரெண்டுபேரையும் சேத்துல்லா
பழி சொல்லி வச்சிருக்கானுவ” என்று
அதனிடம் சொன்னார்.
முதலாளிக்குச் சிரிப்பு வந்தது.
அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.
பேனா தொட்டி ஒன்று, தண்ணீருடன் என்று எழுதி
அடுத்த வரிக்குப் போனது.

இப்போது கேட்டில் சீல்.
ஐஸ் இறக்கும் சறுக்குப்பலகை வழியாக
ஆள் நுழையலாம்; அதைப் பட்டியலில் சேர்க்க
அவர் மறந்திருக்கலாம்.
நான் மேட்டுக்கடையில் ஒரு ஜெராக்ஸ் கடையில்.
ஞாயிறு பூசை முடிந்ததும் சாளைத்தலையோடு போவேன்.
எப்போது போனாலும் கழுத்து வெளியேதான்.
ஓடாத கம்ப்ரசருக்காக
இரவெல்லாம் விழித்திருக்கிறதா என்று
ஏசுவடியானிடம் கேட்டேன்.

அவர் ஸ்கூட்டரைத் தொட்டிச் சுவரோரம் தள்ளிவந்து
ஸ்டாண்ட் போட்டார்.
மூன்றாவது உதையில் பிடித்தது.
சுவர் அதிர்ந்தது, தண்ணீர் மெல்ல நடுங்கியது.
கால்மணி நேரம் போயிருக்கும்.
முதலில் கண்ணை மூடியது.
பிறகு தலை, கொஞ்சம் கொஞ்சமாய்.

பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
இன்னும் எழுதிவருகிறேன்:
பெட்ரோல், ஐம்பது ரூபாய்,
சில்வெஸ்டர் தூங்கிய வகையில்.