ஒற்றை அம்புக்குறி

இரண்டு போட வேண்டிய இடத்தில்
ஒன்று போட்டேன். அவ்வளவுதான்.
பதினோரு வரிக் கோப்பு
என் ஒரே வரியாகச் சுருண்டுவிட்டது.

எந்த வட்டு எந்த வாசலில் ஏற வேண்டும் என்று
இயந்திரம் கண் விழிக்கையில் படிக்கும் பட்டியல் அது.
விழித்தபின் திரும்பிப் பார்ப்பதில்லை.
அதனால் கிளாக்ஸ்விக் மீன் ஆலையில்
ஒன்றுமே நடக்காததுபோல
காட் மீன்களின் எடை வந்து விழுந்துகொண்டிருந்தது:
நாலு கிலோ இருநூறு,
மூன்று எண்ணூறு.

இரவு இரண்டே கால்.
ஆறு மணிக்குப் புயல், மின்சாரம் போகலாம் என்றது வானொலி.
பேட்டரி இருபது நிமிடம் தாங்கும்.
அணைந்தால் மறுபடி எழும்,
எழுந்தால் என் ஒரு வரியைப் படிக்கும்,
நடுவழியில் நின்று என்னிடமே வழி கேட்கும்.

“அணைச்சுப் போட்டுப் பாக்கலாமா?”
பொதிகட்டும் கூடத்திலிருந்து ட்ரோந்துர்.
எல்லா நோய்க்கும் அவனிடம் அந்த ஒரு மருந்துதான்.
தொடாதே என்றேன்.
கையுறையில் நீர் சொட்ட நின்றான்.

கர்னலுக்கு இன்னும் நினைவிருந்தது.
சாட்சிக்கூண்டில் நிற்பவரைப் போல
கேட்டதற்கு மட்டும் பதில்:
வேர் இங்கே, எடைப் பதிவு அங்கே,
குளிர் அறையின் வெப்பநிலை மூன்றாவதில்.
அடையாள எண்களைத் திரையில் விரல் வைத்து
எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு எழுதினேன்.

ஒரு வட்டு மிஞ்சியது.
எங்கும் ஏறாமல், பட்டியலில் இல்லாமல்,
சும்மா சுழன்றுகொண்டு.
படிக்க மட்டும் என்று ஏற்றிப் பார்த்தேன்.
ஹொக்னி எடுத்துவைத்த நகல்,
மூன்று ஆண்டுக்கு முந்தைய அதே கோப்பு.
பாதி வட்டுகள் அதற்குள் மாறிவிட்டன.
ஆனால் கர்னல் சொல்லாதது அதில் இருந்தது.

# நோஃபெயிலை எடுக்காதே. குளிரில் தராசின் வட்டு தாமதமாக எழும்.
# இந்த வட்டு டிக் டிக் என்கிறது. நம்பாதே.
# அடுத்து வருபவருக்கு: மன்னிக்கவும்.

சொல்லிக்கொள்ளாமல் எஸ்பியர்க் போய்விட்டான் என்று
காப்பி அறையில் எத்தனை நாள் திட்டியிருக்கிறோம்.

மூன்றையும் படியெடுத்தேன்.
நான்காவதாக என்னுடையது,
இம்முறை இரண்டு அம்புக்குறியோடு:
# ஒன்று அழிக்கும். ரன்வா.

எல்லாவற்றையும் ஏற்று என்றேன்.
பதிலே இல்லை.
இந்த ஊரில் அதற்குச் சரி என்று பொருள்.

ஆறு மணிக்கு மின்சாரம் போகவில்லை.
புயல் வடக்கே விலகிவிட்டது.
ஏழரைக்கு நானே அணைத்தேன்.
விசிறி ஓய்ந்து, பின் மெல்லச் சீறி,
தராசுக்காகக் கொஞ்சம் காத்திருந்து,
நாலு கிலோ நூறு.

“இதைத்தானே ரெண்டு மணிக்கே சொன்னேன்”
என்றான் ட்ரோந்துர்.