ஜூலையில் ஹீட்டர்

டோ அஷூ ஏற்றத்தில், பதினோராவது வளைவில்,
முள் சிவப்பைத் தொட்டது.
ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டேன்.

"சூரகான், இது ஜூலை" என்றார்
பின்சீட்டுக் கம்பளி வியாபாரி.

ஜூலைதான்.
ஆனால் இந்த பாசாட்டுக்கு நெற்றியில் ஒரு ரேடியேட்டர்,
நம் கால்மாட்டில் குட்டியாய் இன்னொன்று.
பெரியது திணறினால் சின்னது கைகொடுக்கும்.
அது கக்கும் சூட்டை
நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கிக்கொண்டோம்.
வியாபாரி சட்டையைக் கழற்றினார்.
என் உள்ளங்கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது.
பக்கத்து சீட்டில் ஒமுர்காஸி மட்டும்
மடியிலிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தபடி
"பனிக்கட்டி" என்றார்.

முந்நூறு ஆடுகளுக்கான தடுப்பூசி.
எட்டு டிகிரியைத் தாண்டினால் வெறும் தண்ணீர்.
இஞ்சினைக் காப்பாற்றினால் ஆடுகள் போகும்,
ஆடுகளைக் காப்பாற்றினால்
வண்டி இங்கேயே கொதித்து நிற்கும்.
நிறுத்தி ஆறவைக்கலாமா?
பின்னால் பன்னிரண்டு நிலக்கரி லாரிகள்,
ஓரம் என்று ஒன்று இந்தச் சாலைக்கு இல்லை.

காராபால்டாவில் நாற்பது லிட்டர் போட்டேன்.
அதில் பத்து லிட்டர்தான் சக்கரத்துக்கு.
மிச்ச முப்பதும்
புகைக்குழாய் வழியே, தண்ணீர் வழியே,
இரும்பின் தோல் வழியே
மலைக்குப் போகிறது.
மலை என்றைக்காவது சூடாயிற்றா என்றால்
இல்லை.

ஒமுர்காஸி கண்ணாடியை இறக்கினார்.
கோட்டைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றினார்,
இரண்டு கைகளாலும் அதை வெளியே நீட்டினார்
மலை நிழல் விழும் பக்கம்.
காற்றில் அப்போது ஆலங்கட்டி கலந்திருந்தது.
முகம் வேர்க்க, விரல் விறைக்க,
பாதி அடுப்பிலும் பாதி குளத்திலுமாய்
சுரங்கப்பாதை வரை ஒரு மனிதர்.

சுரங்கத்துக்கு அப்பால் எல்லாம் தலைகீழ்.
இரண்டாம் கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டேன்.
பெட்ரோல் நின்றது. முள் சரிந்தது.
ஹீட்டரில் குளிர்காற்று.
வியாபாரி மறுபடி சட்டை போட்டார்,
அதன்மேல் விற்கக் கொண்டுவந்த கம்பளியையும்.
இப்போது சூடு சக்கரத்தடியில்:
அவ்வளவு செலவழித்து ஏறிய உயரம்
பிரேக் தட்டில் தேய்ந்து
கருகிய வாசனையாய் உள்ளே வந்தது.

சூசமிரில் இறங்கியபோது இருட்டு.
பெட்டியைத் திறந்து வெப்பமானியை டார்ச்சில் பார்த்தார்.
ஆறரை.
சிரிக்கக்கூட இல்லை.
குமிஸ் கிண்ணத்தை நீட்டினார்கள்,
பிடிக்க விரல் மடங்கவில்லை.

பிறகு அவராகவே நடந்து வந்து
என் வண்டி பானெட்டின் மேல்
இரண்டு கைகளையும் விரித்து வைத்தார்.
உள்ளே இரும்பு டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

"கட்டணம் தனி" என்றேன்.
"எழுதிக்கொள்" என்றார்,
கையை எடுக்காமல்.