கட்டில் முழுக்க விதை

ஜூலை. கரும்பு வெட்டிய மறுவாரம்
வரிசைகளுக்கு நடுவில் ஒரு முழம் வானம் கிடைக்கும்.
எஸ்டேட்டுக்காரர் மூன்று மாதத்துக்கு
வாய்ப்பேச்சில் விட்ட நிலம்.
கரும்பு தோளுக்கு வருமுன்
தோண்டி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

பதினொரு மூட்டை விதை கேட்டோம். ஏழு வந்தது.
மோக்காக் குளிர்கிடங்கை விட்டு வந்த கிழங்குகள்
ஒரு நாள் முழுக்க வேர்த்தன.
பிறகு தட்டில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன்.
ஊதா முனைகள் குண்டூசித் தலையளவு எழும்பியதும்
கத்தியை எடுத்தேன்.

முட்டையளவு உள்ளவை முழுசாகப் போகட்டும்.
பெரியதை நெடுக்காக:
தலைப்பக்கம் கண்கள் நெருக்கம்,
தொப்புள் பக்கம் குருடு.
துண்டுக்கு இரண்டு கண்ணாவது வேண்டும் என்பாள் மரிலேன்.
நானோ ஏழைப் பதினொன்றாக்க வேண்டியவள்.
சில துண்டுக்கு ஒன்றுதான் வைத்தேன்.
அவளிடம் சொல்லவில்லை.
கிழங்குக்குக் கிழங்கு கத்திக்கு ஜாவெல் தண்ணீரில் ஒரு முங்கு,
ஒன்றின் நோய் மற்றதற்குப் போகாதிருக்க.
வெட்டுவாயில் ஃபிலாவோ விறகுச் சாம்பல்,
மீனுக்கு மசாலா தடவுவதுபோல், அழுத்தி.

தோல் கட்ட இரண்டு நாள் காய வேண்டும்.
முதல் நாளே வாக்வா பக்கமிருந்து தூறல்.
கொட்டகைத் தகரம் பிப்ரவரிப் புயலோடு போனது,
புதுத் தகரம் இன்னும் கடையில்தான் இருக்கிறது.
சினாத்தம்பு ஒன்றும் கேட்காமல்
மெத்தையைச் சுருட்டினான்.
கட்டில் பலகையில் சாக்கு விரித்து
வெட்டுவாய் மேலே பார்க்க அடுக்கினோம்.
நாங்கள் தரையில்.
"கல்யாணத்தன்றுகூட இந்தக் கட்டிலுக்கு
இத்தனை மரியாதை இல்லை"
என்றான் இருட்டில்.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
பிறகு அவன் கிலோ விலையைக் கணக்குப்போட ஆரம்பித்தான்,
நான் தூங்கிப்போனேன்.

மூன்றாம் நாள் நட்டோம்.
அவன் கருங்கல்லைப் புரட்டிப் புரட்டிச் சால் கீற,
நான் பின்னால்,
ஒரு சாண் கரும்புக்குச்சியால் அளந்து,
கண் மேலே, வெட்டுவாய் கீழே.
ஒற்றைக் கண் துண்டுகளை
ஓடைப்பக்கச் சாலில் வைத்தேன்,
யாரும் நின்று பார்க்காத இடம்.

மரிலேன் நின்று பார்த்தாள்.
பாதிதான் முளைத்திருந்தது.
ஒன்றும் சொல்லாமல்
மண் அணைக்க மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பரில் கட்டிலை நகர்த்தியபோது
சுவரோரம் ஒரு துண்டு.
சுருங்கி, வெளுத்த தண்டு நீண்டு,
ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.
ஒற்றைக் கண்.
இனி நட்டுப் பயனில்லை, பருவம் போய்விட்டது.

சினாத்தம்பு குளித்துவிட்டு வருமுன்
அதை முந்தானையில் முடிந்துகொண்டு
ஓடைப்பக்கம் நடந்தேன்.