ஒற்றை வாஷர்

ஹெர்மினியா பராசாவின் கணக்கைப்
பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறவன் நான்.
கடையை மூடிவிடு என்று
மார்ச்சில் சொன்னவனும் நான்தான்.

வால்பரைசோவில், கீழே பேருந்து நிலையத்தருகே
கால்பந்துத் திடல் அகலத்துக்கு
ஓர் இரும்புக்கடை வந்திருந்தது.
அங்கே ஆணி ஐம்பது ஐம்பதாகத்தான்.
இவள் வாங்கும் விலையைவிட
அவர்கள் விற்கும் விலை குறைவு.
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"நூற்று அறுபத்து மூன்று படி" என்றாள்.
எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரமே
பெயிண்ட் டப்பாக்களை அடக்க விலைக்குத் தள்ளினாள்.
கேட்டு வந்தவர்களிடம்
கீழே போ, அங்கே மலிவு,
பிரஷ் மட்டும் இங்கே வாங்கு,
அவர்களுடையது சுவரெல்லாம் மயிர் உதிர்க்கும் என்றாள்.
வந்த ஆளை எதிரி வாசலுக்கு அனுப்புகிற கடை!
வரவா, செலவா, எந்தப் பத்தியில் எழுத?

பெயிண்ட் இருந்த அலமாரியில் இப்போது
குழாய்ப் பொருத்துகள்.
இந்தக் குன்றின் பழைய வீடுகளில்
எவனோ கப்பல்காரன் மாட்டிவிட்டுப்போன
எந்த அளவுக்கும் அடங்காத குழாய்கள்.
எந்த வீட்டுக்கு எது என்று
சோப்பு அட்டைகளின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறாள்:
மஞ்சள் வீடு, இடப்பக்க மரை.
தபால்காரர் வீடு, ரப்பர் இரண்டு போடு, ஒன்று போதாது.

கீழ்க்கடை வேன்
சிமெண்ட் மூட்டையை முதல் படியில் இறக்கிவிட்டுப் போய்விடும்.
அதற்கு மேல் முதுகு யாருடையது?
எலியாசருடையது. அவனை அனுப்புகிறவள் இவள்.
கூலியில் மூன்றில் ஒன்று கடைக்கு.
அவர்கள் விற்ற சிமெண்டில் இவளுக்கு வரும்படி.
இதை நான் கண்டுபிடிக்க ஜூலை ஆனது.

அந்த ஜூலையில், மழை சாய்த்து அடித்த ஒரு ஞாயிறு இரவு
கதவைத் தட்டினான் ஒருவன்.
மழைக்கோட்டுக்குள் ஆரஞ்சுச் சட்டை,
மார்பில் கீழ்க்கடையின் பெயர்.
சமையலறை முழுக்கத் தண்ணீர்,
ஒரு வாஷர் வேண்டும்,
ஒன்றே ஒன்று.
நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை. எந்த வீடு என்று கேட்டாள்,
அட்டையைப் புரட்டினாள்,
நூறு பெசோ வாங்கிக்கொண்டு
ஸ்பேனரையும் இரவல் கொடுத்தாள்.

ஜெயித்தாள் என்று எழுத மாட்டேன்.
வாடகை இரண்டு மாதம் பாக்கி.
எலியாசரின் முழங்கால் வீங்கியிருக்கிறது,
அவனுக்கு மாற்று ஆள் இல்லை.

நேற்று என் வீட்டுப் பூட்டு இறுகிக்கொண்டது.
புதுப் பூட்டு வேண்டுமென்று போய் நின்றேன்.
உள்ளே ஏதோ எடுக்கப் போனாள்.
மேசைமேல் அட்டைகள்.
எனக்கும் ஒரு வரி இருந்தது:
கணக்கர் வீடு.
கதவுதான் கோணல். பூட்டைக் குறை சொல்வார். விற்காதே.