மூன்றாவது சீட்டு

மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்
ஏழுக்குப் பத்து அறை, என் லேப்.
வாய்களை எனக்குத் தெரியும், முகங்களைத் தெரியாது.
பிளாஸ்டரில் வார்த்த ஈறுகள்
பெயர் எழுதி அலமாரியில் இருக்கின்றன,
ஒன்றும் பேசாமல்.

அஞ்சலாட்சி, வயது அறுபத்திரண்டு, மேலும் கீழும்.
முதல் சீட்டு: "சத்தம் போடுகிறது."
இரண்டாவது: "வெள்ளை போதாது."
வெள்ளை போதாதாம்.
அவள் வயதுக்கு நான் எடுத்தது
பழைய அரிசியின் நிறம்.
அவள் கேட்டது குளியலறை டைல்ஸின் நிறம்.
மாற்றிக் கொடுத்தேன். காசு அவளுடையது.

இப்போது மூன்றாவது, டாக்டர் நிலோஃபரின் கையெழுத்தில்:
"பேசும்போது மேல் செட் இறங்குகிறது என்கிறார்."
சீட்டு மட்டும்தான். செட் திங்கட்கிழமை வருமாம்,
ஞாயிறு அவளுக்கு வேலை இருக்கிறது.

எத்தனை வருஷம் உழைக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள்,
மிக்ஸிக்குக் கேட்பதுபோல.
அஞ்சு, மிஞ்சினால் ஏழு
என்று டாக்டரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.
அக்ரிலிக் பாட்டுக்கு அப்படியே இருக்கும்.
பல் போன எலும்புதான்
வருஷா வருஷம் கொஞ்சம் கரைந்துகொண்டே போகும்,
தாழங்குடாக் கரை மாதிரி.
வீடு நிற்கும், மனை நகர்ந்துவிடும்.
இதை எந்த வாரண்டி அட்டையில் எழுதுவது?

அவள் பிளாஸ்டரை இறக்கி மறுபடி பார்த்தேன்.
கடி சரி. விளிம்பு சரி.
மெழுகில் பொருத்திப் பார்த்த அன்று
ஒன்றிலிருந்து இருபதுவரை
சுத்தமாக எண்ணினாளாம்.
ஏசி அறையில். மெல்ல.

ஞாயிறு விடிகாலை நாலரைக்கு
பைக்கை எடுத்துக்கொண்டு ஓ.டி. துறைமுகம் போனேன்.
பதினோரு வருஷத்தில் ஒரு வாயைத் தேடிப் போனது
அதுதான் முதல் தடவை. கூச்சமாகக்கூட இருந்தது.

யாரையும் விசாரிக்கவில்லை.
டியூப்லைட்டின் கீழே, மத்திக் குவியலுக்கு மேலே,
மத்தியைவிடப் பளபளவென்று
நான் தேய்த்த பற்கள்.

ஏலம் தொடங்குமுன்
கட்டைவிரலால் மேல் செட்டைத் தள்ளி எடுத்தாள்.
அப்புறம் கீழ் செட்.
ஒரு துடைப்பு. முந்தானை முடிச்சில், சாவியோடு.
பிறகு வாயைத் திறந்தாள்.

ஆயிரம் என்று சொல்லப் பல் வேண்டாம்.
நூறுக்கு வேண்டாம். கோடிக்கும் வேண்டியதில்லை.
பத்துக்குத்தான் வேண்டும்.
நாக்கு போய்ப் பல்லின் முதுகில் முட்டியாக வேண்டும்.
அவள் பிழைப்போ பத்துப் பத்தாக ஏறுகிறது,
முப்பது, நாப்பது, அம்பது,
அத்தனை வேகத்தில், அத்தனை சத்தத்தில்.
எந்த அண்ணம் தாங்கும்?
பல்லில்லாத பத்து ஈறில் பட்டு மழுங்கி வந்தது.
வாங்க நின்ற ஒருவருக்கும் குழப்பமில்லை.
பல்லு போனால் சொல்லு போச்சு என்றவன்
இந்தத் துறைக்கு வந்ததில்லை.

மூன்று கூடை சங்கரா, நாலாயிரத்து முப்பது.

டீக்கடையில் அறிமுகம் செய்துகொண்டேன்.
முடிச்சை அவிழ்த்துப் போட்டுக்கொண்டுதான் பேசினாள்:
"ஏலத்துக்குக் கழட்டிக்கிறேன், அது ஒண்ணுமில்ல.
பேங்க்ல, லோன் குடுக்கிற பொண்ணு முன்னாடி
விழக்கூடாதுப்பா."

"அங்க மெதுவா பேசலாமே?"

"மெதுவாவா?"
ஏதோ புது மீனின் பெயரைக் கேட்டவள்போல
என்னைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை செட் வந்தது.
அண்ணத்தின் பின்விளிம்பை
அரை மில்லி இறுக்கிப் பிடிக்கவைத்தேன்.
வருஷம் ஒன்றோ, ஒன்றரையோ தாங்கும்.
பிறகு எலும்பு நகரும், நான்காவது சீட்டு வரும்.

லேப் சீட்டில் 'உபயோகம்' என்று ஒரு கட்டம் உண்டு.
இத்தனை வருஷமாக யாரும் நிரப்பியதில்லை.
'கத்துவதற்கு' என்று எழுதினேன்.

கீழ் செட்டின் கடைவாயில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.
பாலிஷ் போடுமுன் எடுத்து,
ஏனோ, உடனே எறியவில்லை.